ஹார்ட்விக் ஹால்: சுவரைவிடக் கண்ணாடி அதிகமான வீட்டை வரைந்தது யார்?

கற்றளி எழுதியது:

இங்கிலாந்தின் பழைய மாளிகைகள் என்று பேச்சு எடுத்தாலே சாட்ஸ்வொர்த், பிளென்ஹைம் என்று போய்விடுகிறோம். எனக்கு அந்த நாட்டிலேயே மிகவும் பிடித்த வீடு ஹார்ட்விக் ஹால். டார்பிஷயரில், செஸ்டர்ஃபீல்டுக்குத் தென்கிழக்கே, ஒரு மேட்டின் விளிம்பில் நிற்கிறது. எம்1 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே பார்த்திருப்பீர்கள். அந்த வீடு எப்படி உருவானது என்று விரிவாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

கட்டியவரிலிருந்து தொடங்குகிறேன். எலிசபெத் ஹார்ட்விக்; எல்லோரும் பெஸ் என்றே சொல்கிறார்கள். சாதாரண நிலவுடைமைக் குடும்பத்துப் பெண். நான்கு கல்யாணம், நான்கு கணவர்களும் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள். இரண்டாவது கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ். அவரோடு சேர்ந்துதான் 1549ல் சாட்ஸ்வொர்த் நிலத்தை வாங்கி அங்கே முதல் மாளிகையை எழுப்பினார். நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரியின் 6ஆவது ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்). ஸ்காட்லாந்து ராணி மேரியைப் பல வருஷம் காவலில் வைத்திருந்தவர் அவர்தான். அந்தத் திருமணம் கசந்து, 1584ல் பெஸ் சாட்ஸ்வொர்த்தை விட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பினார். சகோதரன் கடனில் தொலைத்த குடும்ப நிலத்தை அதற்கு முந்தைய வருஷமே விலைக்கு வாங்கி மீட்டிருந்தார்.

1587ல் அங்கே ஒரு பெரிய வீட்டைக் கட்டத் தொடங்குகிறார். இன்று பழைய ஹால் என்று அழைக்கப்படுவது அதுதான். அது முடிவதற்குள்ளேயே, 1590ல், கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறார். அதே வருஷம் ஏர்ல் இறக்க, விதவைப் பங்காக வந்த வருமானம் அவரை நாட்டின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராக்கியது. புது ஹாலில் 1597 அக்டோபரில் குடியேறினார். அப்போது வயது எழுபதை ஒட்டியிருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் நீண்ட செவ்வகம், அதைச் சுற்றி ஆறு சதுரக் கோபுரங்கள். நீளமான பக்கங்களில் இரண்டிரண்டு, குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்று. கோபுரத்து உச்சிக் கைப்பிடிச் சுவரில் கல்லால் செதுக்கிய "ஈ எஸ்" என்ற இரண்டு எழுத்துகள்: எலிசபெத் ஷ்ரூஸ்பரி. மேலே போகப் போக ஜன்னல்களின் உயரம் கூடிக்கொண்டே போகும். சாதாரணமாகக் கீழ்த்தளம்தான் கம்பீரமாக இருக்கும், இங்கே தலைகீழ்.

காரணம் உள்ளே போனால் புரியும். தரைத்தளம் வேலைக்காரர்களுக்கு. முதல் தளம் குடும்பம் அன்றாடம் புழங்குவதற்கு. இரண்டாம் தளம் அரச விருந்தினருக்கான ராஜ அறைகள். அந்தஸ்து ஏற ஏறக் கூரையும் ஏறுகிறது. இவற்றை இணைப்பது ஒரு கல் படிக்கட்டு. நம் வழக்கப்படி ஓரிடத்தில் சுழன்று ஏறாமல், வீட்டுக்குள் ஊர்ந்து, வளைந்து, வெளிச்சத்திலும் நிழலிலும் மாறி மாறிப் போய், கடைசியில் ராஜ அறைகளில் முதன்மையான ஹை கிரேட் சேம்பரின் வாசலில் கொண்டுபோய் விடும். இங்கிலாந்தில் இதற்கு இணையான படிக்கட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவையும் மனதில் கண்டவர் யார்? ராபர்ட் ஸ்மித்சன் என்று எல்லாக் கையேடுகளும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

வடக்குச்சாளரம் எழுதியது:

அருமையான தொடக்கம் கற்றளி ஐயா. ஒரு கேள்வி. ஹார்ட்விக்கில் சில ஜன்னல்களுக்குப் பின்னால் அறையே கிடையாது, பொய் ஜன்னல் என்று படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஜன்னலுக்கு வரி இருந்ததே, அதற்காக அடைத்துவிட்டார்களா?

---

கற்றளி எழுதியது:

இல்லை. ஜன்னல் வரி வந்தது 1696ல், பெஸ் இறந்தது 1608ல். வரிக்காக அடைத்தவை செங்கல்லோ கல்லோ வைத்து மூடப்பட்டிருக்கும். பழைய ஊர்களில் நிறையப் பார்க்கலாம். ஹார்ட்விக்கில் இருப்பவை வேறு வகை. வெளியே கண்ணாடி பளபளக்கும், பின்னால் இருப்பது புகைவழி அல்லது சுவர். வெளித் தோற்றம் இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதற்காகவே முதல் நாளிலிருந்து அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில இடங்களில் வெளியே உயரமான ஒரே ஜன்னலாகத் தெரிவதன் பின்னால் தாழ்வான இரண்டு தளங்கள் ஒளிந்திருக்கின்றன. உள்ளே உள்ள தேவை ஒன்று, வெளியே காட்டும் முகம் ஒன்று. வரைந்தவர் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு இந்த வீட்டைப் பிடிக்கும்.

---

சாரக்கட்டு எழுதியது:

சிவில் பொறியாளன் என்ற முறையில் என் ஆர்வம் வேறு பக்கம். 1590ல் உருக்குச் சட்டம் கிடையாது, கான்கிரீட் கிடையாது. கல்லை அடுக்கிக் கட்டும் வீட்டில் வெளிச்சுவர்தான் பாரம் தாங்க வேண்டும். அந்தச் சுவரை இப்படி ஓட்டை ஓட்டையாகத் திறந்துவிட்டால் கூரைப் பாரம் எங்கே இறங்கும்?

வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. வீட்டின் நடுவே நீளவாக்கில் முதுகெலும்பு மாதிரி ஒரு தடித்த உட்சுவர். புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை அந்த உட்சுவர்களுக்குள் அடக்கிவிட்டார்கள். அக்காலத்து மற்ற வீடுகளில் கணப்பும் புகைவழியும் வெளிச்சுவரில்தான் இருக்கும், அந்த இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. இங்கே அவை உள்ளே போய்விட்டதால் வெளிச்சுவர் வெளிச்சத்துக்கு விடுதலை. கோபுரங்களும் வெறும் அழகு இல்லை. நேர்கோட்டில் போகும் சுவர் மெலிந்தால் சாயும். மடங்கி மடங்கிப் போகும் சுவர் தன்னைத் தானே தாங்கும். ஆறு கோபுரங்களும் ஆறு முட்டுகள்.

இது யோசித்துச் செய்த வேலை. கல்லில் கை வைத்துப் பழகிய ஒருவர்தான் இப்படி யோசிக்க முடியும். என் ஓட்டு ஸ்மித்சனுக்கு.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

சாரக்கட்டு சொன்னதற்கு ஆவண பலமும் உண்டு. ஸ்மித்சன் கல்தச்சர். 1568 முதல் வில்ட்ஷயரில் லாங்லீட் மாளிகையில் வேலை செய்தார். பிறகு நாட்டிங்ஹாம் பக்கத்தில் சர் பிரான்சிஸ் வில்லோபிக்காக வோலட்டன் ஹாலைக் கட்டினார். 1580ல் தொடங்கி 1588ல் முடிந்தது. லாங்லீட்டின் பெரிய பெரிய கல்சட்ட ஜன்னல்களையும் வோலட்டனின் மூலைக் கோபுரங்களையும் பார்த்த கண்ணுக்கு ஹார்ட்விக் அதே குடும்பத்துப் பிள்ளை என்று தெரியும். ஸ்மித்சன் குடும்பத்தின் வரைபடங்கள் இன்று லண்டனில் ராயல் கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் வசம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஹார்ட்விக்கின் தரைத்தள அமைப்புக்கு மிக நெருக்கமானது. அப்படியே அச்சு அசல் இல்லை, ஒரு மாற்று வடிவம்.

ஆனால் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. பெஸ் பைசா பைசாவாகக் கணக்கு வைத்தவர். கட்டட வேலைக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன, கொத்தனார், தச்சர், சுதைக்காரர் எல்லோருக்கும் கொடுத்த கூலி அதில் உண்டு. ஸ்மித்சன் பெயரில் வருவது 1597ல் அவருக்கு 20 ஷில்லிங், மகனுக்கு 10 ஷில்லிங். கட்டடம் முடியும் நேரத்தில் கொடுத்த அன்பளிப்பு மாதிரிதான் தெரிகிறது. வோலட்டன் தேவாலயத்தில் உள்ள அவருடைய கல்லறையும் வோலட்டனையும் "பெயர்பெற்ற வேறு பல வீடுகளையும்" கட்டியவர் என்கிறதே தவிர ஹார்ட்விக் என்று பெயர் சொல்லவில்லை. 1614ல் இறந்தார்.

அதனால் என் நிலை: வரைபடம் ஸ்மித்சனுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தினசரி அங்கே நின்று கட்டியவர் அவர் இல்லை.

---

மீனலோசனி எழுதியது:

எல்லோரும் புது ஹாலை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். பக்கத்தில் இடிந்து நிற்கும் பழைய ஹாலைக் கொஞ்சம் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

அதுவரை இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் ஹால் எனப்படும் பொதுக்கூடம் வீட்டு முகப்போடு ஒட்டி நீளவாக்கில் இருக்கும். ஒரு ஓரத்தில் இடைகழி வழியாக நுழைந்து திரும்ப வேண்டும். பல நூற்றாண்டுப் பழக்கம் அது. புது ஹாலில் நேர் நடுவே வாசல், நுழைந்ததும் முன்னிருந்து பின்வரை குறுக்கே ஓடும் இரண்டு தள உயரக் கூடம். வீட்டின் சமச்சீர் முழுக்க இந்த ஒரு முடிவில் நிற்கிறது. இதைப் பெரிய புதுமை என்கிறார்கள், சரிதான். ஆனால் குறுக்கே போட்ட அந்தக் கூடம் பழைய ஹாலிலேயே இருக்கிறது!

ராஜ அறைகளை உச்சித் தளத்தில் வைப்பதும் அப்படியே. பழைய ஹாலின் இரண்டு கோடியிலும் மேலே இரண்டு பெரிய அறைகள், இரண்டும் அரச விருந்துக்கான அறைகள். ஒன்றில் கணப்புக்கு மேல் காக், மேகாக் என்ற இரண்டு பூதங்களின் சுதை உருவங்கள் கூரை போன பிறகும் மிஞ்சியிருக்கின்றன. அதற்கும் முன்னால் பெஸ் கட்டிய சாட்ஸ்வொர்த்திலும் ராஜ அறைகள் மேல்தளத்தில்தான் இருந்தன. அந்தச் சாட்ஸ்வொர்த் இன்று இல்லை. 1687க்குப் பிறகு பெஸ் வழிவந்த டெவன்ஷயரின் முதலாம் டியூக் அதை இடித்துத் திரும்பக் கட்டிவிட்டார், மலைமேல் உள்ள வேட்டைக் கோபுரம் பெஸ் காலத்து மிச்சம்.

ஆக, இந்த வீட்டின் இரண்டு முக்கியமான எண்ணங்களும் பெஸ் முன்பே தன் செலவில் கட்டிப் பார்த்தவை. ஸ்மித்சன் வந்து கொடுத்தது அந்த எண்ணங்களுக்கு ஒரு கச்சிதமான உடம்பு. முப்பது நாற்பது வருஷம் கட்டடத்தோடே வாழ்ந்த ஒரு பெண்ணை "செலவு செய்த சீமாட்டி" என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கல் எங்கே வெட்டியது? மேட்டின் அடிவாரத்தில் அவருடைய நிலத்தில். ஈயமும் கண்ணாடியும் எங்கிருந்து? அவருடைய சுரங்கம், அவருடைய கண்ணாடிப் பட்டறை. சரக்கு கையில் இருந்ததால்தான் அவ்வளவு கண்ணாடி போடத் துணிந்தார். கண்ணாடி அன்று ஆடம்பரச் சரக்கு என்பதை மறக்க வேண்டாம்.

---

சாரக்கட்டு எழுதியது:

@மீனலோசனி அக்கா, பழைய ஹால் விஷயம் வலுவான வாதம், அதை ஏற்கிறேன். ஆனால் பழைய ஹாலின் முகப்பைப் பாருங்கள். ஒட்டு ஒட்டாக வளர்ந்த வீடு, இடது பக்கமும் வலது பக்கமும் பொருந்தாது. அதே அம்மையார், அதே எண்ணம், அதே கல். மூன்றே வருஷத்தில் பக்கத்தில் எழுந்தது இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்றால் நடுவில் ஒரு ஆள் வந்திருக்கிறார். எண்ணம் பெஸ்ஸுடையது என்றே வைத்துக்கொள்வோம். வேலைக்காரர் அறை தாழ்வாகவும் ராஜ அறை உயரமாகவும் வேண்டும், அதே சமயம் வெளிமுகம் குலையக் கூடாது என்ற கணக்கைத் தீர்த்தது யார்? கட்டட வேலையில் கஷ்டமான பகுதி அதுதான்.

---

மீனலோசனி எழுதியது:

தீர்த்தவரை நான் குறைக்கவில்லை தம்பி. கணக்கைப் போட்டவரையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

---

டார்பிஷயர்க்காரன் எழுதியது:

அந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவன், அதனால் உள்ளே இருக்கும் பொருட்களைப் பற்றி எழுதுகிறேன். ஏனென்றால் இங்கே அறையின் அளவையே பொருள்தான் முடிவு செய்திருக்கிறது.

ஹை கிரேட் சேம்பர் சுவரில் தொங்கும், கிரேக்க வீரன் யுலிசிஸின் கதை சொல்லும் டேபஸ்ட்ரிகளை, அதாவது நெய்த சித்திரத் திரைகளை, பெஸ் 1587ல் வாங்கினார். பிரஸ்ஸல்ஸ் நெசவு. புது ஹாலுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே திரை கையில் இருந்தது, அறை அதற்குப் பொருந்த எழுந்தது. திரைக்கு மேலே கூரை வரை சுற்றிலும் ஒரு சுதைக் காடு: மரங்கள், மான்கள், யானை, நடுவே வேட்டைத் தெய்வம் டயானா தன் பரிவாரத்தோடு. செய்தவர் ஆபிரகாம் ஸ்மித். சில மரங்களுக்கு உண்மையான இளமரத் தண்டுகளை வைத்து அதன் மேல் சுதை பூசியிருக்கிறார்கள். கன்னி ராணி முதலாம் எலிசபெத்துக்கு வணக்கம் சொல்லும் அறை இது. அவர் ஒருநாளும் வரவில்லை. பெஸ்ஸின் மனதில் இன்னொரு கணக்கும் இருந்திருக்கும்: அரியணைக்கு உரிமை கோரத்தக்க பேத்தி அராபெல்லா ஸ்டூவர்ட் அவர் பராமரிப்பில்தான் வளர்ந்தாள்.

நீள்கூடம் கிழக்கு முகம் முழுவதும் ஓடுகிறது, சுமார் 50 மீட்டர். அங்கே இருப்பவை பைபிளில் வரும் கிதியோன் கதைத் திரைகள், மொத்தம் 13. ராணியின் அமைச்சர் சர் கிறிஸ்டபர் ஹட்டனுக்காக நெய்யப்பட்டவை. அவர் கடனோடு இறக்க, வாரிசிடமிருந்து 1592ல் பெஸ் 326 பவுண்டுக்கு வாங்கினார். ஹட்டனின் சின்னங்களை மாற்ற வேண்டும் என்று சொல்லி அதில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டார். ஹட்டனின் சின்னம் பெண்மான். அதற்குக் கொம்பு வரைந்து தன் குடும்பக் கலைமானாக்கிவிட்டார்! இன்று வீட்டைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு இந்தத் திரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவித் தைத்துச் செப்பனிட 1999ல் தொடங்கியது. முடிந்தது 2023ல். திரும்பவும் எல்லாம் சுவரில் ஏறிய கூடத்தைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

குளிர் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இவ்வளவு கண்ணாடி என்றால் ஜனவரியில் உள்ளே எப்படி இருக்கும்? 1601ல் பெஸ் எடுத்த பொருள் பட்டியலில் அவருடைய படுக்கையறையில் ஜன்னலுக்கு முன்னாலும் கதவுக்கு முன்னாலும் தொங்கவிடக் கனத்த போர்வைகள் இருந்தன என்று எழுதியிருக்கிறது. ராஜ அறைக்கு வெளிச்சம், தனக்குப் போர்வை.

---

வடக்குச்சாளரம் எழுதியது:

அப்படியானால் இன்று நாம் பார்ப்பது பெஸ் விட்டுப்போன 1601ஆம் வருஷத்து வீடு என்று சொல்லலாமா? ஸ்காட்லாந்து ராணி மேரி இருந்த அறையும் அங்கே உண்டாமே?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

மேரியின் தலை 1587 பிப்ரவரியில் போய்விட்டது. புது ஹாலின் அஸ்திவாரம் 1590. அந்த அறையில் அவர் தங்கியிருக்க வழியே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1601 என்றும் சொல்ல முடியாது. கட்டடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, காரணம் புறக்கணிப்பு. பெஸ்ஸின் இரண்டாவது கணவர் வழி வாரிசுகளான கேவண்டிஷ்கள் டெவன்ஷயர் பிரபுக்களாகி (முதலில் ஏர்ல், பிறகு டியூக்), சாட்ஸ்வொர்த்தையே தலைமை வீடாக வைத்துக்கொண்டார்கள். புது மோஸ்தர் வந்தபோதெல்லாம் பணம் அங்கே போயிற்று, ஹார்ட்விக்கை யாரும் இடித்து மாற்றவில்லை. தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் அந்தக் குடும்பத்து ஆசிரியராக இருந்தவர், 1679ல் ஹார்ட்விக்கில்தான் காலமானார். அது தவிர நீண்ட காலம் பெரிய நடமாட்டம் இல்லை.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் 6ஆவது டியூக் வந்தார். பழமையின் மேல் அவருக்குத் தீராத ஆசை. வேறு மாளிகைகளிலிருந்து திரைகளையும் சாமான்களையும் கொண்டுவந்து நிரப்பினார். கிதியோன் திரைகள் மேல் ஓவியங்களை வரிசையாக மாட்டினார். நீள்கூடத்தில் அரியணை விதானம் போல நிற்கிறதே, அது சாட்ஸ்வொர்த்தில் இருந்த 17ஆம் நூற்றாண்டுக் கட்டில் ஒன்றின் தலைமாடம். பார்ப்பவர்கள் "ஆகா, எலிசபெத் காலம்" என்று நிற்கும் பல மூலைகள் அவர் அமைத்த காட்சிகள். 1858ல் அவரும் அந்த வீட்டிலேயே இறந்தார்.

---

கற்றளி எழுதியது:

ஏட்டுச்சுவடியோடு ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். 6ஆவது டியூக் செய்ததை வேஷம் என்று தள்ளிவிட முடியாது. அவர் கூரையைத் தாழ்த்தவில்லை, படிக்கட்டை மாற்றவில்லை, ஜன்னலை அடைக்கவில்லை. அக்காலத்தில் பணமும் ஆசையும் உள்ள ஒருவர் எளிதாகச் செய்திருக்கக்கூடிய காரியங்கள் அவை. பழைய வீட்டை நேசித்து, அது எப்படி இருந்திருக்கும் என்று தான் நினைத்தபடி அலங்கரித்தார். இன்று அதுவும் வீட்டின் வரலாற்றில் ஒரு அடுக்கு. 1601 பட்டியல் கையில் இருக்கிறதே, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அதன்படி அறையை அமைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதற்கு எதிரானவன்.

பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950ல் 10ஆவது டியூக் திடீரென்று இறக்க, மரண வரி 80 சதவீதம் என்று வந்து நின்றது. அதற்கு ஈடாக 1956ல் ஹார்ட்விக் அரசாங்கத்துக்குப் போய், 1959ல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. 9ஆவது டியூக்கின் மனைவி ஈவ்லின் சீமாட்டிதான் அங்கே கடைசியாகக் குடியிருந்தவர். பல வருஷம் தன் கையாலேயே ஊசி நூல் எடுத்துத் திரைகளைப் பழுதுபார்த்தார். இன்று நிபுணர்கள் செய்யும் வேலைக்கு அவர்தான் முன்னோடி என்பேன்.

---

சாரக்கட்டு எழுதியது:

அடுத்த கோடையில் போக எண்ணியிருக்கிறேன். ஒரே நாள்தான் கிடைக்கும். எந்த வரிசையில் பார்ப்பது?

---

டார்பிஷயர்க்காரன் எழுதியது:

முதலில் பழைய ஹால், அதை இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. மேலே ஏற முடிந்தால் ஏறி, மீனலோசனி அக்கா சொன்ன பூதங்களைப் பாருங்கள். அந்த உயரத்திலிருந்து புது ஹால் முழுசாகத் தெரியும், கோபுரக் கணக்கு அங்கேயே புரிந்துவிடும். பிறகு புது ஹாலில் படிக்கட்டில் அவசரப்படாமல் ஏறுங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது, ஆகவே படம் எடுக்க மாலை. வெளிச்சுவருக்குப் பக்கத்தில் போய் மணற்கல்லையும் பாருங்கள். மென்மையான கல், நானூறு வருஷ மழையில் அரித்து, பல இடத்தில் புதுக்கல் மாற்றி வைத்திருக்கிறார்கள். நிறத்திலேயே தெரியும். அதைப் பற்றி நீங்கள் வந்து எழுத வேண்டும்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நேரம் இருந்தால் வோலட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சாரக்கட்டு, காரில் அதிக தூரம் இல்லை. அங்கே கூடம் வீட்டின் நட்ட நடுவில், நாலு பக்கமும் அறைகளால் சூழப்பட்டு, உயரத்தில் உள்ள ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் வாங்குகிறது. ஹார்ட்விக்கில் அதே மனிதர் ஏன் அதை விட்டுவிட்டுக் குறுக்குக் கூடத்துக்குப் போனார் என்பதுதான் எனக்கும் மீனலோசனிக்கும் இடையே மிச்சமிருக்கும் வழக்கு. வோலட்டனுக்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே தொடரலாம்.